சாவி மாற்றிய மறுநாள்

அத்தியாயம் பதினொன்று

குழலிக்கு அன்றைக்குக் காலையில் காப்பி இனித்தது. ஒரு வாரமாகக் கசந்துகொண்டிருந்த அதே டிகாக்‌ஷன், அதே பால், அதே டம்ளர்தான். மாறியிருந்தது அவள் மனசு. அது ஏன் மாறியது என்பதை, இந்தக் கதைக்குப் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது மாத்ரு சிஸ்டம்ஸ். லேப், பள்ளிக்கூடம், பட்டறை என்று ஊரில் பல பேருடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற சின்ன நிறுவனம். நடத்துகிறவள் மட்டுவார்குழலி. கூட இருப்பவர்கள் தம்பி ஸ்ரீநாத்தும் அவன் மனைவி சகாயராணியும். வெளி ஆள் கிடையாது. வெளி ஆளை நம்ப முடியாது என்பது குழலியின் கொள்கை. கொள்கை பிடித்துப் பிடித்து, இப்போது உள் ஆளையும் நம்ப முடியாத இடத்தில் வந்து நிற்கிறாள்.

போன வாரம், தில்லை நகரில் டாக்டர் ஆனந்தவள்ளி நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. அதில் ஆச்சரியமில்லை. டிஸ்க் என்றால் ஒருநாள் சாகத்தான் செய்யும். அதற்காகத்தானே தினமும் விடியற்காலையில் எல்லாவற்றையும் நகலெடுத்துப் பேக்கப் வைக்கிறார்கள்? அந்தப் பேக்கப்பை எடுக்கப் போனால் ஃபோல்டர் காலி. டாக்டருடையது மட்டுமில்லை, எல்லா வாடிக்கையாளர் ஃபோல்டரும் துடைத்து வைத்தாற்போல் காலி.

இத்தனைக்கும் மேஸ்திரி ஒருநாள் தவறாமல் பச்சை காட்டியிருந்தது.

மேஸ்திரி என்பது மனிதன் அல்ல. தை மாதம் புதிதாகக் கொண்டுவந்த ஆட்டோமேஷன் டூல். அது தானாகவே ஒவ்வொரு சர்வராகப் போய், 'இந்த ஸ்கிரிப்டை ஓட்டு' என்று வேலை வாங்கும். வேலை முடிந்தால் பச்சை வரி, தவறினால் சிவப்பு வரி. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா மாத்ருபூதம் வைத்த செல்லப்பெயர்தான் மேஸ்திரி. பேக்கப் ஸ்கிரிப்டை, அதாவது நகலெடுக்கிற கட்டளைகளின் பட்டியலை, எழுதியவள் சகாயராணி. அதை மேஸ்திரியிடம் ஒப்படைத்தவன் ஸ்ரீநாத். தினமும் காலையில் பச்சையைப் பார்த்துத் திருப்திப்பட்டவள் குழலி.

பச்சை வந்திருக்கிறது, பேக்கப் இல்லை. அப்படியானால் எடுத்து வைத்ததை யாரோ அழித்திருக்க வேண்டும். சர்வருக்குள் நுழைகிற சாவி, அதாவது ரகசியக் கோப்பு, மூன்று பேரின் லேப்டாப்பில்தான் இருந்தது. மூன்று பேருக்கும் ஒரே சாவி. உள்ளே யார் போனாலும் ஒரே பெயர்தான் பதிவாகும். குடும்பத்துக்குள் எதற்குத் தனித்தனிச் சாவி என்று முன்பு பெருமையாகச் சொன்னதும் குழலிதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சகாயராணி மொட்டை மாடியில் யாரிடமோ போனில் பேசியது குழலி காதில் விழுந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி. பெரிய வேலை. 'வீட்ல இன்னும் சொல்லலை சார்' என்ற ஒரு வாக்கியம் போதாதா? குழலி நேருக்கு நேர் கேட்டாள். ராணி முகம் வெளுத்து, பதில் சொல்லாமல், மேலப்புதூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஸ்ரீநாத்தைக் கேட்டால், "எனக்கே தெரியாதுக்கா" என்றான்.

நேற்றுச் சாயங்காலம் குழலி ஆபீசில் இருந்தபடியே சர்வர்களில் சாவியை மாற்றி, பழையது செல்லாதபடி செய்தாள். புதுச் சாவியைத் தன்னிடமும் ஸ்ரீநாத்திடமும் மட்டும் வைத்துக்கொண்டாள்.

இன்று காலையில் பார்த்தால், திறந்த ஃபோல்டரில் எல்லாம் புத்தம்புதுப் பேக்கப்!

சாவி மாறியது, திருட்டு நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? காப்பி இனித்ததற்குக் காரணம் இதுதான். தம்பி பெண்டாட்டி திருடி என்று தெரிந்துகொண்டதில் ஒருத்திக்குக் காப்பி இனிக்கிறது. சந்தேகம் முற்றினால் மனுஷி அப்படித்தான் ஆகிவிடுகிறாள்.

* * *

"பார்த்தியா ஸ்ரீநாத், திறந்ததுல எல்லாம் வந்திருக்கு" என்றாள் குழலி, லேப்டாப்பை அவன் தட்டுப் பக்கம் திருப்பி.

ஸ்ரீநாத் இட்லியைச் சட்னியில் தொட்டபடியே திரையைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை.

"ம். வந்திருக்கு."

"கீயை மாத்தின மறுநாளே வருதுன்னா என்ன அர்த்தம்?"

"நீயே சொல்லிட்டியேக்கா."

"உன் வாயால சொல்லேன்."

"என்னத்தச் சொல்றது? கட்டினவளாச்சே." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ அவ பேரைச் சொன்னா நான் குறுக்கே நிக்க மாட்டேன். அவ்வளவுதான்."

குழலிக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. கூடவே, எங்கேயோ ஒரு முள் நெருடியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே ராணிக்காக, கல்யாணத்துக்குச் சம்மதிக்காத அப்பாவோடு பட்டினி கிடந்து சண்டை போட்டவன் இவன். இன்றைக்கு அவளுக்காக ஒரு வார்த்தை வரவில்லை. மனசு உடைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குழலி அந்த முள்ளைத் தட்டிவிட்டாள்.

எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாத்ருபூதம் கண்ணாடிக்கு மேலாக மகனைப் பார்த்தார்.

"ஏண்டா, ராத்திரி பூரா உன் ரூம்ல லைட்டு எரிஞ்சுதே?"

"கொசுப்பா. தூக்கமே வரலை."

"ஃபேனைப் போட்டுக்கிட்டுப் படுக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

போன் அடித்தது. டாக்டர் ஆனந்தவள்ளி. குழலி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா ஆச்சு? என் பேஷன்ட்ஸோட பழைய ரிப்போர்ட் ஒண்ணுகூட கையில இல்லை. கிட்னிக்காரங்க வந்து போன மாசம் கிரியேட்டினின் எவ்வளவு இருந்துச்சுன்னு கேக்கிறாங்க. நான் முழிக்கிறேன்."

"புரியுதுங்க டாக்டர்."

"உங்களுக்குப் புரிஞ்சு எனக்கென்ன? அழிச்சது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா மூணு பேர் பேரையும் எழுதி சைபர் கிரைம்ல கொடுத்திடுவேன். அப்புறம் அவங்க பாத்துக்குவாங்க."

போன் நின்றது. ஸ்ரீநாத் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"போலீஸ் வரைக்கும் போகாதுக்கா. ராணி பேரைச் சொல்லிடு. வேணும்னு பண்ணலை, வீட்டுப் பொண்ணு, தெரியாம அழிச்சிட்டான்னு சொன்னா டாக்டரம்மா விட்டுடுவாங்க. நமக்கும் காண்ட்ராக்ட் நிக்கும்."

"அவ பேரு கெட்டுப்போகுமேடா."

"நாலு நாள் பேசுவாங்க. அப்புறம் நம்ம வீட்லதானே இருக்கப் போறா."

குழலி தலையை ஆட்டினாள். நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கு அன்றைக்கு எல்லாமே நியாயமாகப் பட்டது.

* * *

ஆபீசுக்கு வந்து மேஸ்திரியின் காலை அறிக்கையைப் பார்த்தபோது, பச்சை வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு இருந்தது. அரியமங்கலம், வசீமின் லேத் பட்டறை. சர்வர் பதில் சொல்லவில்லை. நேற்று அந்தப் பக்கம் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். அணைத்த மெஷினை வசீம் திரும்பப் போடவில்லை போலிருக்கிறது.

அப்போதுதான் குழலிக்குச் சுருக்கென்றது. நேற்று அணைந்து கிடந்த சர்வரில் புதுச் சாவியைப் போட்டிருக்க முடியாது. ஊரிலேயே பழைய சாவிக்குத் திறக்கிற கதவு அது ஒன்றுதான். ராணி அதற்குள் நுழைந்துவிட்டால்?

வசீமுக்குப் போன் போட்டு, "நான் வர்ற வரைக்கும் மெஷினைப் போட வேணாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

காவிரிப் பாலத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. வழி நெடுக ராணியைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். கண்ணில் பட்டதெல்லாம் குற்றமாகத் தெரிந்தது. போனை எப்போதும் கவிழ்த்து வைப்பாளே, எதற்கு? லேப்டாப்பைக் குளிக்கப் போகும்போதுகூட மூடிவிட்டுப் போவாளே, எதற்கு? போன வருஷம் குழலிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாளே, அதுகூட எதற்கென்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். காந்தி மார்க்கெட் நெரிசலில் ஒரு லோடு ஆட்டோக்காரன், "அம்மா, முன்னாடி பாத்துப் போங்க" என்று கத்தினான். அவன் சொன்னதில் தப்பில்லை.

பட்டறையில் வசீம் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்கக்கா. நீங்க சொன்ன மாதிரி தொடவே இல்லை. நம்ம மிஷின்ல ஏதும் கோளாறா?"

"உங்க மிஷின்ல இல்லைங்க பாய். எங்க வீட்ல" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சும்மா ஒரு செக்கிங்தான்" என்றாள்.

கேபினில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்த சர்வரை ஆன் செய்தாள். வேறு யாரும் நுழைவதற்குள் முதல் வேலையாகப் புதுச் சாவியைப் போட்டாள். பிறகு, வந்ததற்குப் பேக்கப்பும் எடுத்துவிடலாமென்று ராணியின் ஸ்கிரிப்டைத் தன் கையால் ஓட்டினாள். சொன்ன இடத்தில் நகல் வந்து உட்கார்ந்தது. குறை ஒன்றுமில்லை.

அந்த நகலை நீக்கிவிட்டு, அதே ஸ்கிரிப்டை மேஸ்திரி மூலமாக ஓட்டச் சொன்னாள். பச்சை.

ஃபோல்டரைத் திறந்தாள். காலி.

மறுபடி கையால் ஓட்டினாள்: நகல் வந்தது. அதை நீக்கிவிட்டு மறுபடி மேஸ்திரி: பச்சை, நகல் இல்லை. புதுச் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. அவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். ராணியால் உள்ளே வரவே முடியாது. அப்படியிருக்க, மேஸ்திரி எடுத்த நகலை இப்போது யார் அழித்தது?

யாரும் அழிக்கவில்லை. நகல் எடுக்கப்படவே இல்லை.

"டீ சொல்லட்டுமாக்கா?" என்றார் வசீம்.

"சொல்லுங்க பாய். கொஞ்ச நேரம் ஆகும் போலிருக்கு."

மேஸ்திரியிடம், பச்சை மட்டும் காட்டாதே, ஸ்கிரிப்ட் பேசிய அத்தனையையும் காட்டு என்று கேட்டாள். கேட்டால் காட்டும், இத்தனை மாதமாக யாரும் கேட்கவில்லை. திரையில் வரிகள் ஓடின. நடுவில் ஒரு வரி: இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு வரி: முடிந்தது.

குழலி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஸ்கிரிப்டைப் படிக்கிற ஷெல்களில் பல வகை உண்டு. ராணி எழுதியது பாஷ் என்ற ஷெல்லுக்கு. கையால் ஓட்டும்போது திரையில் ஏற்கெனவே இருப்பது பாஷ், அதுவே படித்துவிடும். மேஸ்திரி ஓட்டும்போது படித்தது எஸ்.ஹெச். என்கிற எளிய ஷெல். 'டேட்டா ஃபோல்டர் இருக்கிறதா பார், இருந்தால் நகலெடு' என்று ராணி எழுதிய வாக்கியம் பாஷுக்குத்தான் புரியும். எஸ்.ஹெச். அதைத் தெரியாது என்று தள்ளிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கிறது. அடுத்த வாக்கியம், 'ஒரு மாதத்துக்கு மேல் ஆன பழைய நகல்களை நீக்கு.' அது அதற்கு நன்றாகவே புரிந்தது. நீக்கியது. கடைசி வாக்கியம், 'முடிந்தது என்று எழுது.' எழுதியது. கடைசி வேலை ஒழுங்காக நடந்ததால் மேஸ்திரி பச்சை காட்டிவிட்டது.

புதியது ஒன்றும் வரவில்லை. பழையது நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. தையில் ஆரம்பித்து மாசிக்குள் எல்லாம் காலி. பார்க்கிறவர்களுக்கு யாரோ துடைத்துவிட்ட மாதிரிதான் இருக்கும்.

சரி, பாஷ் படிக்க வேண்டியதை எஸ்.ஹெச். ஏன் படித்தது? அதைத் தீர்மானிப்பது ஸ்கிரிப்டின் முதல் வரி. 'இதைப் படிக்க பாஷைக் கூப்பிடு' என்று முதல் வரியில் சொல்ல வேண்டும். இரண்டாம் வரியில் சொன்னால் செல்லாது. ராணி அதையெல்லாம் மறக்கிற ஆளில்லை.

குழலி ஃபைலைத் திறந்தாள்.

'பாஷைக் கூப்பிடு' என்பது இருந்தது. இரண்டாவது வரியில் இருந்தது. அதற்கு மேலே, முதல் வரியில், தன்னந்தனியாக ஒரு பிள்ளையார் சுழி.

உ.

டீ வந்தது. ஆறியது. குழலி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்ருபூதம் வீட்டில் மளிகைச் சீட்டுக்குக்கூடச் சுழி போடாமல் ஆரம்பிக்க மாட்டார்கள். ஆனால் ராணி போட மாட்டாள். அவள் எதை எழுதினாலும் தாள் உச்சியில் குட்டியாக ஒரு சிலுவைதான் போடுவாள். தையில் நல்ல நாள் பார்த்து மேஸ்திரியை ஆரம்பித்தபோது, குழலி மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்து ஸ்ரீநாத் சொன்னான், "எல்லா ஃபைல்லயும் சுழி போட்டுட்டேன்க்கா. இனிமே அமோகமா ஓடும்."

இவ்வளவுதானா? பக்தியாய்ப் போட்ட ஒரு எழுத்தா? குழலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உடனே ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டுமென்று கை பரபரத்தது. எண்ணைத் தேடிய விரல் பாதியில் நின்றது.

மற்ற சர்வர்களில் இன்று காலையில் பேக்கப் எப்படி வந்தது?

லேப்டாப்பில் ஒவ்வொரு சர்வராகத் திறந்தாள். ஒன்றிலும் சுழி இல்லை. முதல் வரி சுத்தமாக இருந்தது. ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்த்தாள். வசீமுடையது தை மாதம். மற்றது எல்லாம் நேற்று ராத்திரி. சாவியை மாற்றியதற்குப் பிறகு. ராணியால் நுழையவே முடியாத நேரத்தில்.

புதுச் சாவி இருந்தது இரண்டு பேரிடம். அதில் ஒருத்தி நேற்று சாவியை மாற்றிய நிம்மதியில் நன்றாகத் தூங்கினாள்.

கொசு கடித்ததாம். தூக்கம் வரவில்லையாம்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்திருக்கிறான். உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாகச் சரி செய்திருக்கிறான். அணைந்து கிடந்த வசீம் மெஷினை மட்டும் தொட முடியவில்லை. சரி செய்துவிட்டு, காலையில் இட்லி தின்றுகொண்டே, ராணி பேரைச் சொல்லிடு என்றிருக்கிறான்.

தம்பி அவமானத்துக்குப் பயந்திருப்பான் என்று குழலி தன்னையே சமாதானம் செய்ய முயன்றாள். சமாதானம் ஆகவில்லை. பயந்தவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். பெண்டாட்டி பெயரை எடுத்துக் கொடுக்க மாட்டான்.

* * *

டாக்டர் ஆனந்தவள்ளிக்குக் குழலி ஆபீசில் உட்கார்ந்துதான் போன் போட்டாள். தெருவில் நின்று பேசுகிற பேச்சில்லை அது.

"திருட்டு இல்லைங்க டாக்டர். யாரும் அழிக்கலை. பேக்கப்பே எடுபடலை. எங்க தப்பு."

"தினமும் எடுக்கிறோம், பச்சை வருதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"சொன்னேங்க. பச்சையை மட்டும் பாத்தேன். ஃபோல்டரைத் திறந்து பாக்கலை."



"யார் பண்ணின தப்பு?"

"கம்பெனி பண்ணின தப்பு. கம்பெனி என்னோடது."

"தப்பிக்கிறதுக்குச் சொல்றவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க. அதனால நம்பறேன்" என்றார் டாக்டர். "கம்ப்ளைன்ட் கொடுக்கலை. ஆனா நாளையிலேருந்து என் லேபுக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"நினைக்க மாட்டேங்க."

அந்த டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினால் கொஞ்சமாவது மீட்க முடியுமா என்று முயற்சி செய்வதாகச் சொல்லிப் போனை வைத்தாள். நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். ஆனால் ராணியின் பெயர் போலீஸ் வரை போகாது. அந்த மட்டுக்கும் மூச்சு விட முடிந்தது.

ராணியை வரச் சொல்லி ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தாள். அவள் வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமா அண்ணி? கீயை மாத்திட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"அவருதான். காலையில போன் பண்ணினாரு."

குழலி எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "உன்மேல சந்தேகப்பட்டேன் ராணி. திருடின்னே முடிவு பண்ணிட்டேன். நீ எனக்குக் கஞ்சி ஊட்டினதைக்கூடச் சந்தேகப்பட்டேன். என்னை மன்னிச்சிடும்மா" என்றாள். சொல்லும்போது அழுகை வந்தது. அடக்கவில்லை.

பிறகு வசீம் பட்டறையில் பார்த்ததைச் சொன்னாள். சுழி வரைக்கும் சொன்னாள். நேற்று ராத்திரித் திருத்தத்தைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஒரு குடித்தனம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் அந்தக் குடித்தனம் எதன்மேல் நிற்கும் என்பதும் தெரியவில்லை.

ராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"முதல் வரிக்கு மேல எதையும் எழுதாதீங்கன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன் அண்ணி. பிள்ளையாரைப் போய் யாராவது கணக்குல எடுப்பாங்களா? என் மேலயும் தப்பு இருக்கு. நகல் வரலைன்னா அங்கேயே நின்னுடுன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். அதை எழுதியிருந்தா அன்னிக்கே சிவப்பு காட்டியிருக்கும்."

"அது போகட்டும். பெங்களூர் வேலையை ஏன் எங்கிட்ட மறைச்சே? அதுலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

ராணி விழித்தாள்.

"நான் மறைக்கலையே அண்ணி. முதல் நாளே உங்ககிட்ட சொல்றேன்னுதான் சொன்னேன். அவருதான், 'அக்கா டென்ஷன்ல இருக்கா, நேரம் பாத்து நானே சொல்றேன், நீ வாயைத் திறக்காத'ன்னாரு. நீங்க கேட்டப்போ அதனாலதான் முழிச்சேன்."

'எனக்கே தெரியாதுக்கா' என்ற தம்பியின் குரல் குழலிக்கு ஞாபகம் வந்தது.

"சரி, இப்ப ஒண்ணும் ஆகிடலை. நீ தாராளமா போ. பழைய கம்பெனியில விசாரிப்பாங்கள்ல? விசாரிச்சா நான் பேசறேன்."

"இனிமே விசாரிக்க மாட்டாங்க அண்ணி." ராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மத்தியானமே போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"அவர்தான் சொன்னாரு. 'கீயை மாத்தினதும் பேக்கப் வந்திருச்சு, அக்கா உன் பேரைத்தான் டாக்டர்கிட்ட சொல்லப் போறா. பெங்களூர்க்காரங்க விசாரிச்சா உனக்குத்தான் அசிங்கம். அதுக்கு முன்னாடி நீயே விலகிடு'ன்னு. எனக்கும் அதான் மரியாதைன்னு பட்டுச்சு. விடுங்க அண்ணி, எனக்கு அவ்வளவுதான் கொடுப்பினை."

காலையில் அவன் சொன்ன வாக்கியம் குழலிக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. நம்ம வீட்லதானே இருக்கப் போறா. அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்கு ஒரு திருடி தேவைப்பட்டாள். செய்து கொடுத்தது அக்கா.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்ரீநாத் பொட்டலங்களோடு உள்ளே வந்தான். மனைவியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நீ இங்கதான் இருக்கியா! ரெண்டு பேரும் ராசியாகிட்டீங்களா? நல்லதாப் போச்சு. பஜ்ஜி சூடா இருக்கு, சாப்பிடுங்க."

"டாக்டர்கிட்ட பேசிட்டேன்" என்றாள் குழலி. "ராணி பேரைச் சொல்லலை."

"அதான் சரிக்கா. ராணியும் எங்கயும் போகலைங்கறா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு வச்சுக்குவோம்."

"நான் அரியமங்கலம் போயிட்டு வந்தேன்."

பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். கண்ணால் கெஞ்சினான். சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு அப்பா வருவதற்குள் அவளிடம் இப்படித்தான் நிற்பான். ஒவ்வொரு தடவையும் அவள் மறைத்திருக்கிறாள்.

அவன் தன் தம்பி. கெஞ்சுகிற முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. ராணியோ நடந்தது ஒன்றும் தெரியாமல் பஜ்ஜிக்குத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ராணி, தட்டு அப்புறம். இப்படி வந்து உக்காரு" என்றாள் குழலி. "அந்த பெங்களூர்க்காரங்களுக்கு இன்னொரு தடவை போன் போட வேண்டியிருக்கும். அதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரனை ஒண்ணு கேளு. நேத்து ராத்திரி தூங்காம என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னு கேளு."

"அக்கா..." என்றான் ஸ்ரீநாத்.

ராணி நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என்னங்க பண்ணினீங்க?" என்று கேட்டாள்.